பத்திரகிரியாரும் அவரைத் தொடர்ந்த நாயும்

சோழவளநாட்டுத் திருத்தலங்களுள் திருவிடைமருதூர் தனிச்சிறப்பு வாய்ந்தது. வடக்கே மல்லிகார்ச்சுனம் எனப்பெறும் சீபருப்பதமும் தெற்கே பொருநைக்கரைத் திருப்புடைமருதூரும் நிற்ப, இவ்விரண்டற்கும் இடையே நின்றமையின் இஃது இடைமருது எனப் பெயர்பெற்றது என்ப. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த இத்திருக்கோயிலில் மகாலிங்கப்பெருமானை வழிபடச் செல்லும் அன்பர்கள், கீழைக்கோபுரவாயிலிற் பட்டினத்தடிகளையும் மேலைக்கோபுரவாயிலிற் பத்திரகிரியாரையும் கண்டு கைகுவிப்பர். குரு ஒரு வாயிலிலும் சீடர் ஒரு வாயிலிலுமாக அமர்ந்த அவ்விருவருள், மேலைவாயிலில் அமர்ந்தவர் வரலாற்றையே ஈண்டு உரைக்கப் புகுந்தோம். அவ்வரலாற்றில் ஒரு நாய்க்கும் இடம் உண்டு. அந்நாயை முன்னிட்டே இதனை எழுதுகின்றோம்.

இதனை எழுதுதற்கு நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறை. புதுவையைச் சார்ந்த நெட்டப்பாக்கம் கொம்யூனில், பண்டசோழநல்லூர் என்னும் சிற்றூரில் வாழ்பவர் யாம். சென்ற வைகாசியில் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேர்விழாக் கண்டு மீளுங்கால், வழியில் அன்பர் சிலர் அமைத்திருந்த அன்னதானப் பந்தலிற் பந்திக்கு அமர்ந்தோம். அப்பொழுது முதியவர் ஒருவர் வந்து வாயிலில் நின்றார். அவர்க்கு வீடு என ஒன்று இல்லை என்பதனை அவர் தோளிற் கிடந்த துணிமூட்டையே காட்டிற்று. அவர் கையிற் பிடித்த கயிற்றில் செந்நிற நாய் ஒன்று நின்றது. நாயை அப்பாற் கட்டிவிட்டு வந்தால் இலை போடலாம் எனப் பரிமாறுவோர் கூறினர். விட்டுவந்தால் யாரேனும் ஓட்டிவிடுவர் என்றும், வெளியே ஓரிலை இட்டால் இருவரும் உண்போம் என்றும் அவர் வேண்டினார். பந்தியில் அமர்ந்தார்க்கன்றி இலை இல்லை என்றனர். அப்பொழுது எம் பக்கத்தே இருந்த கற்றறிந்தார் ஒருவர், ஓடும் நாயும் உடைமையால் இவரும் சம்சாரியே எனப் பட்டினத்தடிகள் வரலாற்றை நினைவூட்டி நகைத்தார். பந்தியில் உள்ளார் நகைத்தனர், யாமும் நகைத்தோம். உண்டு கைகழுவி வெளிவந்து பார்த்தபோது முதியவரும் இல்லை, நாயும் இல்லை.

அன்றிரவு பத்திரகிரியார் வரலாற்றை மீண்டும் எடுத்து நோக்கினோம். நாற்பதாண்டுகளுக்கு மேலாகப் பிறர்க்கு எடுத்துச் சொல்லி வந்த அவ்வரலாற்றை யாம் சரியாகப் படித்திலோம் என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று. அன்பர்கள் பொறுத்துக் கேட்பார்களாக.

குருநாதர்

பத்திரகிரியாரை அறிதற்கு அவர்தம் குருநாதரை முன்னர் அறிதல் வேண்டும். பதினோராந் திருமுறையிற் கோயில் நான்மணிமாலை முதலாய ஐந்து நூல்களை அருளிச்செய்த பட்டினத்துப்பிள்ளையார் வேறு, எளிய நடையில் நிலையாமை குறித்துப் பாடிய பிற்காலத்துப் பட்டினத்தடிகள் வேறு என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். வழிவழி வழங்கும் வரலாறு இருவரையும் ஒருவராகவே வைத்துப் பேசும். அவ்வாறே பத்திரகிரியாரை வடநாட்டுப் பர்த்ருஹரியோடு இயைத்துக் கூறுவாரும் உளர். நீதி, சிருங்காரம், வைராக்கியம் என்னும் பொருள்பற்றிய மூன்று சதகங்கள் பர்த்ருஹரி பெயரால் வழங்குவன. அவரும் உச்சயினியில் அரசு துறந்தவராகவே வடநாட்டாராற் பேசப்படுகின்றார். இவ்வாராய்ச்சிகளை அறிஞர்க்கு விடுத்து, தமிழ்நாட்டுச் சைவர் நாவில் வழங்கும் வரலாற்றையே யாம் பின்பற்றுவோம்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் குலத்தில் திருவெண்காடர் என்னும் பெயரோடு தோன்றிப் பெருஞ்செல்வராய் வாழ்ந்தவர் அடிகள். மகப்பேறு இன்றி வருந்திய அவர்க்குத் திருவிடைமருதூரிற் கிடைத்த குழந்தையே மருதவாணர். அம்மைந்தர் கடல் வாணிகம் சென்று மீண்டபோது தந்தைக்கு விட்டுச்சென்ற பேழையில் காதற்ற ஊசி ஒன்றும் ஓலைநறுக்கு ஒன்றுமே இருந்தன. இறக்குங்கால் அவ்வூசிதானும் உடன்வாராது என்னும் உண்மை நெஞ்சிற் பாய, அன்றே அனைத்தையும் துறந்து கோவணத்தோடு வெளிப்போந்தார். இவை யாவரும் அறிந்தனவாதலின் இவ்வளவில் அமைந்து மேற்செல்வாம்.

கழுமரம்

பல தலங்களையும் வணங்கிச் சென்ற அடிகள் உச்சயினி நகரை அடைந்து, ஊர்ப்புறத்துக் காட்டில் இருந்த பிள்ளையார் கோயிலில் நிட்டையில் அமர்ந்தார். அந்நகரை ஆண்ட அரசரே பத்திரகிரியார். அவர் அரண்மனையிற் கன்னமிட்ட கள்வர், களவு கைகூடினால் காணிக்கை தருவதாக அப்பிள்ளையாரை வேண்டிச் சென்றிருந்தனர். மீண்டு வந்தவர் இருளில் மணிமாலை ஒன்றை உள்ளே எறிந்து போயினர். அம்மாலை பிள்ளையார் மேல் விழாது நிட்டையில் இருந்த அடிகள் கழுத்தில் விழுந்தது. தேடி வந்த காவலர் மாலையும் கழுத்துமாக அவரைக் கண்டு பற்றிச் சென்றனர். வினாவியவற்றுக்கு விடை ஒன்றும் வாராமை கண்டு, அரசர் அவரைக் கழுவேற்ற ஆணையிட்டார்.

வீடும் இல்லை, வேண்டியவரும் இல்லை, தம்பொருட்டு வாய்திறந்து வழக்குரைப்பாரும் இல்லை என்னும் நிலையில் உள்ள ஒருவரைக் கள்வர் என முடிவுசெய்தல் எவ்வளவு எளிது என்பதனை அன்பர்கள் ஈண்டுக் கருதுவார்களாக. அரசர் தீயவர் அல்லர். முறை செய்வதாகவே எண்ணினார். கண்ணிற் கண்ட மாலையும் காவலர் சொல்லுமே அவர்க்குப் போதுமாயின. கோவணாண்டி ஒருவர்பால் அரண்மனை மாலை வந்த வகையை ஆராய்தற்கு அவர் சிறிதும் தாழ்க்கவில்லை.

கழுமரத்தின் முன் நின்ற அடிகள் எல்லாம் சிவன் செயல் எனத் தெளிந்து ஒரு பாடல் பாடினார். அவ்வளவில் அம்மரம் தீப்பற்றி எரிந்தது. செய்தி கேட்டு ஓடிவந்த அரசர் அடிகள் திருவடியில் விழுந்தார். தம் ஆணையாற் சாக இருந்தவரே தம்மை ஆட்கொள்ள வந்த குரு எனக் கண்டார். குடையும் கோலும் ஆங்கே கிடப்ப, அரசும் சுற்றமும் விட்டு அவர் பின்னே நடந்தார். இருவினையொப்பும் மலபரிபாகமும் உற்றவழிச் சத்திநிபாதம் கணத்தில் நிகழும் என்பதற்கு இதனினும் தெளிவான இலக்கியம் வேண்டுவதின்று.

ஓடும் நாயும்

அடிகள் தம் சீடரைத் திருவிடைமருதூரில் இருக்கப் பணித்தார். பின்னர்த் தாமும் அங்கு வந்து கீழைக்கோபுரவாயிலில் அமர்ந்தார். பத்திரகிரியார் மேலைவாயிலில் அமர்ந்தார். நேற்றுவரை ஆயிரவர்க்கு உணவளித்த கைகள் இன்று ஓர் ஓட்டை ஏந்தித் தெருத்தெருவாய்ச் சென்றன. இரந்து பெற்றதனை முதலிற் குருநாதர்க்குப் படைப்பார். அவர் உண்டு எஞ்சியதனைத் தாம் உண்பார். இதுவே அவர் நாளொழுக்கமாயிற்று.

இங்ஙனம் நிகழுநாளில் பெட்டைநாய் ஒன்று அவரை அடைந்தது. அஃது எங்கிருந்து வந்தது என வரலாறு கூறவில்லை. தெருவில் திரியும் நாய்க்கு ஊரும் பேரும் ஏது? தாம் உண்டு எஞ்சிய சோற்றை அவர் அதற்கு இட்டார். அது மறுநாளும் வந்தது. பின்னர் அவரைவிட்டு அகலாதாயிற்று. அவர் இரக்கச் செல்லுங்கால் உடன்செல்லும். வாயிலில் அமருங்கால் அருகே கிடக்கும். அரசரென்று அறிந்து அது தொடரவில்லை. துறவியென்று அறிந்தும் தொடரவில்லை. ஒரு பிடி சோறு தந்த கையை அறிந்து தொடர்ந்தது. எல்லாரும் எழுந்து நின்று வணங்க வாழ்ந்த ஒருவர்க்கு, எல்லாம் போனபின் எஞ்சிய துணை அவ்வொரு நாயே.

ஈண்டு ஒன்று கவனித்தற்குரியது. சோறு சென்ற முறை முதலிற் குரு, அடுத்துச் சீடர், அதன்பின் நாய் என்பதாம். ஆகவே அந்நாய் நாடோறும் உண்டது வெறும் எச்சிற்சோறு அன்று. குருநாதர்க்குப் படைத்த சேடம். இதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

இரவலராய் வந்த பெருமான்

ஒருநாள் இறைவர் பசித்த இரவலர் வடிவங்கொண்டு கீழைவாயிலுக்கு எழுந்தருளிப் பட்டினத்தடிகளிடம் உணவு வேண்டினார். தம்பால் ஒன்றும் இல்லை என்றும், மேலைவாயிலில் சம்சாரி ஒருவர் இருக்கின்றார், அவரிடம் சென்று கேட்கலாம் என்றும் அடிகள் கூறினார். இரவலர் மேலைவாயிலுக்குச் சென்று, கீழைவாயிலில் இருப்பவர் இவ்வாறு சொல்லி அனுப்பினார் எனத் தெரிவித்தார். அது கேட்ட பத்திரகிரியார் துணுக்குற்றார். நாடு துறந்தோம், நகர் துறந்தோம். இவ்வோடும் இந்நாயும் அல்லவோ நம்மைச் சம்சாரி ஆக்கின எனக் கலங்கி, கையிலிருந்த ஓட்டை வீசியெறிந்தார். அது நாயின் தலையிற் பட்டது. ஓடும் உடைந்தது, நாயும் இறந்தது.

வரலாற்றைச் சொல்லுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்தி, துறவு இத்தகையது என உரைத்து முடிப்பர். யாமும் அங்ஙனமே முடித்து வந்தோம். ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை.

இறந்த அந்நாய் காசியரசன் மகளாய்ப் பிறந்தது. முற்பிறப்பின் நினைவு அவளுக்கு மாறவில்லை. பருவம் எய்தியபின் தந்தையொடு திருவிடைமருதூரை நாடி வந்து, மேலைவாயிலில் இருந்த பத்திரகிரியார் திருவடியில் வீழ்ந்து வணங்கினாள். அவர் அவளை அழைத்துச்சென்று குருநாதர்க்கு விண்ணப்பித்தார். எல்லாம் இறைவர் திருவருள் என அடிகள் உணர்த்தினார். அப்பொழுது ஆங்கே தோன்றிய சோதியில் பத்திரகிரியாரும் அவளும் கலந்தனர். பின்வந்த சீடர் முன்சென்றமை கண்டு வியந்த குருநாதர், தமக்கு இன்னும் காலம் வரவில்லை என எண்ணிப் பல தலங்களையும் வணங்கி, முடிவில் திருவொற்றியூரிற் சிவப்பேறு எய்தினார்.

பத்திரகிரியார் பாடியதாக வழங்குவது மெய்ஞ்ஞானப் புலம்பல். எக்காலம் என்னும் சொல்லால் முடியும் கண்ணிகள் இருநூற்றுக்கு மேற்பட்டன கொண்ட அந்நூல், பற்று முற்றும் அற்ற நிலை எப்பொழுது வாய்க்கும் என்னும் ஏக்கத்தையே பேசுவது. அரசைத் துறந்தவர்க்கும் அவ்வேக்கம் தீரவில்லை என்பதை உன்னுக. ஓடும் நாயும் பற்றிய சொல் அவரை அத்துணை வருத்தியது, அவர் உள்ளத்தில் அவ்வேக்கம் முன்னரே கனன்றுகொண்டிருந்தமையால்.

சம்சாரி என்னும் சொல்

இனி, அடிகள் சொல்லிய அச்சொல்லின் கருத்து யாதென ஆராய்வாம். அஃது இகழ்ச்சி என்றே நம்மனோர் கொள்வர். அங்ஙனமாயின், பசித்து வந்த இரவலரை அடிகள் மேலைவாயிலுக்கு அனுப்பியது எற்றுக்கு? தமிழர் கொள்கையில் இல்வாழ்வானுக்குரிய முதற்கடன் இரந்தார்க்கு ஈதல். துறந்தார்க்கும் வறியார்க்கும் இல்வாழ்வானே துணை எனத் திருவள்ளுவரும் கூறினார். அவ்வாயிலில் ஓர் இல்வாழ்வார் இருக்கின்றார் என அடிகள் கூறியது, அங்கே சென்றால் சோறு கிடைக்கும் என்பதற்கே. உண்ண ஓடும், ஊட்ட ஓருயிரும் உடையவர் கொடுக்க வல்லவர். ஆகவே அச்சொல் சீடர்க்குப் பற்றறுக்கும் வாளாயிற்று. பசித்தவர்க்கோ வழிகாட்டும் கையாயிற்று. இரண்டையும் ஒருசேரச் செய்தலன்றோ ஞானகுருவின் சொல்?

மற்றொன்றும் நோக்குக. திருவிடைமருதூரில் அன்றும் பல இல்லங்கள் இருந்தன. செல்வர் பலர் இருந்தனர். இறைவர் உணவு தேடிச் சென்றதோ தமக்கென ஒரு கூரையும் இல்லாது நாயொடு வாயிலிற் கிடந்தவரிடம். அந்நாய் அங்கே கிடந்ததனை ஒரு குறையாகக் கருதி அவர் அணுகாது போகவில்லை.

அற்றேல், பத்திரகிரியார் ஓட்டை எறிந்து நாயைக் கொன்றமை பிழையோ எனின், அதனைப் பிழை என்றோ நன்று என்றோ யாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. அவர் எறிந்தது தம்முடைய ஓட்டை. அறுக்க முயன்றது தம்முடைய பற்றை. பிறருடைய ஓட்டை அவர் பிடுங்கி எறியவில்லை; பிறருடைய நாயை ஓட்டவில்லை. துறவு என்னும் அளவுகோல் துறந்தார் தம்மைத் தாம் அளந்துகொள்ளுதற்குரியது. வயிறார உண்டு பந்தியில் அமர்ந்திருக்கும் நம்மவர் அக்கோலை எடுத்துப் பசித்து நிற்கும் ஒருவரை அளத்தல் சிறிதும் பொருந்தாது. வில்லியனூர் வழியில் யாம் செய்த பிழை அதுவே.

பற்றும் அருளும்

மாபாரதத்து இறுதியில் தருமபுத்திரர் வரலாறு இதற்கு மறுதலைபோலத் தோன்றும். நாடும் வீடும் விட்டு வடக்கு நோக்கிச் சென்ற ஐவரும் திரௌபதியும் ஆகிய அறுவருள், ஒருவர்பின் ஒருவராக ஐவர் வீழ்ந்தனர். தருமர் ஒருவரே எஞ்சினார். அவரைத் தொடர்ந்து வந்த நாய் ஒன்றும் எஞ்சிற்று. இந்திரன் தேரொடு வந்து அவரை ஏறச்சொல்லி, நாய்க்குத் துறக்கத்தில் இடமில்லை என்றான். தம்மை நம்பி அடைந்த உயிரைக் கைவிட்டு அடையும் துறக்கம் தமக்கு வேண்டுவதில்லை எனத் தருமர் மறுத்தார். நாயாய் வந்தது தருமதேவதையே எனப் பின்னர்த் தெரிந்தது. இவரும் வீடற்றவர், இவர் பின்னும் ஒரு நாய். ஒருவர் ஓட்டை எறிந்தார். ஒருவர் துறக்கத்தையே எறிந்தார். இரண்டும் எங்ஙனம் பொருந்தும்?

சித்தாந்த நூல்வழி நோக்குவார்க்கு மாறுபாடில்லை. கட்டு என்பது பொருளில் இல்லை. எனது என்னும் முனைப்பில் உள்ளது. அம்முனைப்பு அகன்றவழி நாய் பாசமன்று. அதுவும் நம்மைப்போல் மும்மலத்துட்பட்ட ஒரு பசு. எழுவகைப் பிறப்பினுள் இன்று நாயாய் நிற்கும் உயிர், முன்னர் யாதாய் நின்றதோ பின்னர் யாதாய் நிற்குமோ அறியோம். மாணிக்கவாசகப் பெருமான் தம்மை நாயேன் எனப் பன்முறை சொல்லிக்கொண்டதனை நாள்தோறும் ஓதுவார் நாம். தருமர் அந்நாயை எனது எனப் பற்றவில்லை. அடைக்கலம் எனக் காத்தார். பத்திரகிரியார் எனது என்பதனை எறிந்தார். உயிர்மேல் வைத்த அருளை எறிந்திலர். எறிந்திருப்பின், அவ்வுயிர் மீண்டு வந்து அவர் அடியில் வீழ்ந்திராது. அவரும் அதனைக் குருவின்பால் அழைத்துச் சென்றிரார்.

அந்நாய் முத்தி பெறுதற்குச் செய்த சிவபுண்ணியம் யாது? திருமறைக்காட்டில் அணையும் விளக்கின் திரியைத் தன்னை அறியாது தூண்டிய எலி மாவலியாய்ப் பிறந்தது. திருவானைக்காவிற் பெருமான் திருமுடிமேல் வலைநூற்ற சிலந்தி கோச்செங்கட்சோழராய்ப் பிறந்தது. அறியாது செய்யினும் சிவபுண்ணியம் வீண்போகாது என்பது நம் சமயத் துணிபு. குருவின் சேடத்தை நாடோறும் உண்டு அடியார் அருகே கிடந்ததே அந்நாயின் சிவபுண்ணியம். அச்சோற்றை இட்டவர் இடாது ஓட்டியிருப்பின், அவ்வுயிர்க்கு அப்பேறு வாய்த்திராது. இதனைச் சோறிடுவோர் மறவாதிருத்தல் வேண்டும்.

ஓர் ஐயம்

நாய்க்கும் அதனை உடையார்க்கும் உணவிடுதல் பசுபுண்ணியமே அன்றோ, அதனாற் பிறவி அறுமோ எனச் சிலர் வினவக்கூடும். உயிரை உயிராக மட்டும் கருதிச் செய்யின் பசுபுண்ணியமே, அதுவும் தீதன்று. அவ்வுயிருள்ளும் உயிர்க்குயிராய் நிற்பார் சிவபெருமானே எனக் கருதிச் செய்யின் அதுவே சிவபுண்ணியமாம். செயல் ஒன்றே, கருத்தினால் வேறாகின்றது.

தூய்மை குறித்த ஐயமும் எழும். திருக்கோயிலுள்ளும் திருமடத்துப் பந்தியுள்ளும் நாய் புகுதல் கூடாது என்பது விதி. அவ்விதியை யாம் மறுக்கவில்லை. ஆனால் அதே திருவிடைமருதூரில் வரகுணதேவர் செய்ததனைத் திருவிடைமருதூர் மும்மணிக்கோவை எடுத்துப் போற்றுகின்றது. கோயில் முற்றத்தில் நாய் இட்ட கழிவைக் கண்ட அப்பாண்டிய மன்னர், அதனைத் தம் கையாலேயே எடுத்து அகற்றினார். தூய்மையைக் காத்தார், அதனைக் காக்கும் தொழிலைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். எளியார்மேல் ஏற்றிவைக்கவில்லை. விதியைக் காக்கும் நெறி இது.

செயற்பாலன

கணக்கெடுப்பின்படி 2011 இல் இந்நாட்டில் வீடற்றோர் 17 இலட்சத்து 73 ஆயிரத்துக்கு மேற்பட்டவர். அவருட் சிலர்க்கு நாயே இரவுக்காவல், நாயே சுற்றம். தெருவில் உறங்குவார்க்கு மூட்டையைக் காப்பதும், அயலார் அணுகினால் குரைத்து எழுப்புவதும் அதுவே. அதனை விட்டுவந்தால்தான் சோறும் இடமும் என்பது, உள்ள ஒரு துணையையும் துற என்பதாம். மேலைநாட்டார்க்கும் இவ்விடர்ப்பாடு உண்டு. அமெரிக்க நாட்டுச் சான்பிரான்சிஸ்கோ நகரில் 2015 இல் திறக்கப்பெற்ற புகலிடம் ஒன்றில், நாயொடு வருவாரையும் நாயொடே ஏற்கத் தலைப்பட்டனர். நாயை விடமாட்டாது தெருவிலேயே கிடந்தவர்கள் இதனால் உள்ளே வரலாயினர். வடலூரிற் 1867 இல் தருமச்சாலை கண்ட நம் நாட்டார்க்கு இஃது அரிய செயலன்று.

திருமடங்களும் அன்னதானம் நிகழ்த்துவோரும் செய்யத்தக்கன எளியனவே. பந்திக்கு அப்பால் மரநிழலில் ஓரிடம் குறித்து, கட்டுதற்கு ஒரு முளையும், தண்ணீர்க்கு ஒரு தொட்டியும் வைக்கலாம். உண்ணச் செல்வார் நாயை அங்கே விட்டுச்செல்ல, அது காணாமற் போகாவாறு ஒருவர் உடனிருந்து பார்த்துக்கொள்ளலாம். அங்ஙனமும் பிரிய அஞ்சுவார்க்கு அந்நிழலிலேயே இலை இடலாம். பந்தியில் அமர்ந்தார்க்கு இடும் அதே சோறும் குழம்பும், அதே இன்சொல்லும் அவர்க்கும் செல்லல் வேண்டும். எஞ்சிய சோற்றைக் குப்பையிற் கொட்டாது, காரமும் எலும்பும் இல்லாத அச்சைவச்சோற்றில் ஒரு பங்கு நாய்க்கு வைக்கலாம்.

வெறிநாய்க்கடி குறித்த அச்சம் நியாயமானதே. பிரெஞ்சு நாட்டறிஞர் பாஸ்டர் 1885 இல் அதற்குத் தடுப்பு மருந்து கண்டார். 1907 இல் நம் பக்கத்துக் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் அமைந்தது. நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசியிட்டால் அந்நோயைத் தடுக்கலாம் என்பது இன்று யாவரும் அறிந்தது. வீடற்றவர் கால்நடை மருத்துவமனைக்கு வழியறியார்; சென்றாலும் நாயொடு பேருந்தில் ஏற்றுவார் இலர். விழாக்காலத்தில் மருத்துவர் ஒருவரை அழைத்து, வரும் நாய்களுக்கெல்லாம் ஊசியிடச் செய்தல் அவற்றுக்கும் நன்று, ஊரார்க்கும் நன்று. நாயை உடைய அவ்வேழையர் நோயுற்று மருத்துவமனையிற் கிடக்கும் நாட்களில் அதனைப் பேணித் திருப்பித் தரும் இல்லம் ஒன்றேனும் ஊர்தோறும் இருத்தல் நலம். நாயை எண்ணி மருத்துவமனைக்குச் செல்லாது நோயை முற்றவிடுவாரும் உளராதலின் இதனைச் சிறப்பாக வேண்டுகின்றோம்.

முடிவுரை

பத்திரகிரியார் வரலாற்றை யாம் இதுகாறும் துறவின் வரலாறாகவே படித்தோம். அது துறவின் வரலாறே, ஐயமில்லை. அதனோடு, இல்லம் இல்லாத ஒருவர் தமக்குக் கிடைத்த சோற்றில் தம்மை அடைந்த உயிர்க்கும் பங்கிட்ட வரலாறும் ஆம். தொடக்கத்தில், நிரபராதி ஒருவரை ஆராயாது கழுவேற்ற ஆணையிட்ட அரசர் அவர். முடிவில், தம்மிடம் வந்த நாயைப் பசியோடு போகவிடாத இரவலர் அவர். சோதியிற் கலக்கும் வேளையில் அவர் தனியே செல்லவில்லை. நாயாய்த் தொடர்ந்த உயிர் அப்பொழுதும் உடன் சென்றது.

எதிர்வரும் வைகாசித் தேர்விழாவில், எம்மூர் அன்பர் சிலரோடு கூடி, வழியில் ஒரு நிழலும் சில இலைகளும் தண்ணீரும் நாய்களுக்கு ஓரிடமும் அமைக்கத் துணிந்துள்ளோம். அம்முதியவர் அவ்வழியே வருவாராயின் எம் பிழையைப் பொறுக்குமாறு வேண்டுவோம். வாராராயின் வருவோர்க்கு இடுவோம். இதனைப் படிக்கும் திருமடத்துப் பெரியோர்களும் சைவ அன்பர்களும் தத்தம் ஊர்களில் இத்தொண்டினை மேற்கொள்ளுமாறு மகாலிங்கப்பெருமான் திருவருள் கூட்டுவதாக.

திருச்சிற்றம்பலம்